கேட்ட பாட்டு சலிப்பதும் கேட்காத பாட்டு பிடிப்பதும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பனில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். நிழல் பார்த்து உட்கார்ந்து வலையைப் பழுது பார்ப்பார்கள், பக்கத்தில் ஒரு கைப்பேசி பாடிக்கொண்டிருக்கும். போன தடைக்காலத்தில் பத்தாவது நாளே என் மச்சான் சொல்லிவிட்டான்: "எல்லாம் நல்ல பாட்டுதான் மாப்ள. ஆனா கேட்டா ஒன்னுமே தோண மாட்டேங்குது."

வெளியூர்க்காரர் இறங்கியதும் மூக்கைப் பொத்துகிற கருவாட்டு வாடை நமக்குத் தெரிவதே இல்லை. மாறாமல் வந்துகொண்டிருக்கும் எதையும் மூளை கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். பாட்டிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது.

பாட்டு ஓடும்போது மூளை சும்மா இருப்பதில்லை. அடுத்து எந்தச் சுரம், எந்த அடி என்று கணித்துக்கொண்டே போகிறது. 2011-ல் கனடாவின் மாண்ட்ரியாலில் வலோரி சலிம்பூர், ராபர்ட் சடோரே குழுவினர் பாட்டுக் கேட்டுச் சிலிர்ப்பவர்களின் மூளையைப் படமெடுத்தார்கள். உச்சமான இடம் வருவதற்கு முன்பே, அதை எதிர்பார்த்திருக்கும் நேரத்திலேயே டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள வேதிப்பொருள் மூளையில் ஓரிடத்தில் சுரந்தது. அந்த இடம் வந்ததும் வேறோர் இடத்தில் சுரந்தது. ஆக, எதிர்பார்ப்பதிலேயே பாதி சுகம் இருக்கிறது. நூறு தடவை கேட்ட பாட்டில் எதிர்பார்க்க என்ன மிச்சம்?

சரி, புதிய பாட்டைப் போட்டால் தீர்ந்ததா? இல்லை. முற்றிலும் தெரியாத இசையில் மூளையால் எதையுமே கணிக்க முடியாது. அது வெறும் சத்தமாகப் போய்விடுகிறது. உளவியலாளர் டேனியல் பெர்லைன் 1970களில் இதை ஒரு வளைகோடாக விளக்கினார். கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் முதுகை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் அறவே தெரியாதது, மறுமுனையில் தெரிந்து சலித்தது. ரசனை உச்சத்தில் இருப்பது நடுவில்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த மாண்ட்ரியால் குழு 2013-ல் செய்த சோதனை. 19 பேருக்கு அவர்கள் கேட்டிராத 60 இசைத் துண்டுகளைப் போட்டு, பிடித்ததைச் சொந்தக் காசு கொடுத்து வாங்கச் சொன்னார்கள். கூடுதல் காசு கொடுத்த பாட்டுகளின்போது, மூளையில் இன்பம் தரும் பகுதியும் ஒலியைப் புரிந்துகொள்ளும் பகுதியும் நெருக்கமாகச் சேர்ந்து இயங்கின. அந்த இரண்டாவது பகுதியில்தான் பிறந்ததிலிருந்து கேட்ட ஒலிகளின் வார்ப்புகள் படிந்திருக்கின்றன. புதிய பாட்டை நாம் பழைய காதால்தான் கேட்கிறோம். வளைகுடாவுக்கு முதன்முதலாகப் போகிறவருக்கு அரபுப் பாட்டில் சில இடங்கள் சுருதி விலகியதுபோல் இருக்கும். மகாம் என்பது அரபு இசையில் ராகம் மாதிரி. ராஸ்ட் என்ற மகாமின் காந்தாரம், அதாவது 'க' சுரம், நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே நிற்பது. பாடுகிறவர் சரியாகத்தான் பாடுகிறார், நம்மிடம்தான் அதற்கு வார்ப்பு இல்லை.

அதனால் வேறு வகை இசைக்குள் போக, தெரிந்த ஒரு கயிற்றையாவது கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. நம் கும்மியில் ஓடும் 'தகிட தகிட' என்ற திஸ்ர நடை, அதாவது மும்மூன்றாக எண்ணும் தாளம், இலங்கையின் ஆட்டப்பாட்டான பைலாவிலும் உண்டு. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த நம் கரைக்கு அது அன்னியமே இல்லை. அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்க மேளங்களுக்கு ஓரடிதான். தாளத்தை விட்டு ராகத்தைப் பிடித்தாலும் வழி இருக்கிறது. மோகனத்தின் ஐந்து சுரங்கள் சீன இசையில் நிறைய வரும். சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்களை அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸிலும் சஹாரா பாலைவனத்துத் துவாரெக் மக்களின் கிட்டாரிலும் கேட்கலாம். ராகத்தின் பெயர் தெரியாவிட்டாலும் காது கண்டுபிடித்துவிடும்.

அப்புறம், ஒரே தடவையில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அர்த்தமில்லாத சொற்களையும் சீன எழுத்துப் போன்ற வடிவங்களையும்கூட, அடிக்கடி கண்ணில் பட்டாலே மனம் விரும்பத் தொடங்குகிறது என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968-ல் காட்டினார். கைப்பேசிச் செயலிகளை மட்டும் நம்பியிருப்பதும் போதாது. உங்களைப் போன்றவர்கள் கேட்டதையே அவை பெரும்பாலும் எடுத்துத் தரும், அதனால் ஒரே தெருவில் சுற்ற வேண்டியிருக்கும்.

மச்சானுக்கு முதலில் பைலா போட்டேன், உடனே தலையாட்டினான். துவாரெக் கிட்டாருக்கு, "என்னடா இது, ஒரே சத்தம்" என்றான். விடாமல் தினம் ஒரு தடவை போட்டேன். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ அவனே கேட்டான்: "அந்தப் பாலைவனத்துப் பாட்டு எங்க மாப்ள?"

தடை முடிந்து முதல் முறை கடலுக்குப் போனபோது படகில் அவன் போட்டது பழைய பாட்டு. ஐம்பது நாள் கேட்காமல் விட்டதில் பழக்கம் தேய்ந்து, மூளை அதை மறுபடி கணக்கில் எடுத்திருக்கிறது. கரைக்கு வந்ததும் கையை நீட்டிக் காட்டினான்: "சரணம் வந்தப்போ மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு மாப்ள."