சூட்டுக்கு மசியாத மைக்கா

மாத்தளை, திகன, பதுளைப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கிற இடங்களில், வெள்ளைக் கல்லுக்குள் தேன் நிறச் செதில்கள் மினுங்கும். நகத்தால் நெம்பினால் தாள் தாளாக உரியும். புளோகோபைட் என்ற மைக்கா அது. பழைய ஸ்திரிக்கைப் பெட்டிகளில் சூட்டுக் கம்பியைச் சுற்றியிருப்பதும் மைக்காத் தகட்டில்தான்.

இதன் ஒரு படலத்தில் மூன்று தட்டுகள். மேலும் கீழும் சிலிக்கனும் அலுமினியமும் ஒட்சிசனோடு சேர்ந்த நான்முகிகள், நடுவில் மக்னீசியம் எண்முகிகள். இரண்டு பாண் துண்டுக்கு இடையே சம்பல் வைத்த மாதிரி. தடிப்பு ஏறக்குறைய 1 நனோமீற்றர். படலத்தைப் படலத்தோடு பிடித்திருப்பவை பொற்றாசியம் அயன்கள் மட்டுமே. அந்தப் பிடி தளர்வானது, அதனால்தான் நகத்துக்கே உரிகிறது.

நான்முகிகள் ஆறு ஆறாக வளையம் கட்டி நிற்கும். ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும், சற்று உள்ளே, ஓர் ஐதரொட்சைல், அதாவது ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த அயன். வில்லங்கம் அங்கேதான். கடும் சூட்டில் ஐதரொட்சைல்கள் நீராவியாகப் பிரிந்து வெளியேற, கட்டமைப்பே குலைந்துவிடும். இதற்கு வழி, ஐதரொட்சைலுக்குப் பதில் புளோரீனின் அயனான புளோரைட்டை வைப்பது. அதற்கும் அதே மின்னேற்றம், கிட்டத்தட்ட அதே பருமன். ஆகவே அந்த இடத்தில் அது அச்சாகப் பொருந்தும். ஆவியாகிப் போக ஐதரசனும் இல்லை. இன்னொரு இலாபமும் உண்டு. ஐதரொட்சைலின் ஐதரசன் பொற்றாசியத்தை நேராகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும். அது போனதும் பொற்றாசியம் இன்னும் உள்ளே இறங்கும், படலங்கள் நெருங்கும்.

இயற்கை மைக்காவிலும் கொஞ்சம் புளோரீன் இருக்கும். முழுக்கப் புளோரீன் வேண்டுமென்றால் நாமே உருக்கித்தான் ஆக வேண்டும். மக்னீசியா, அலுமினா, குவார்ட்சு, பொற்றாசியம் புளோரோசிலிக்கேற்று, பெல்ட்ஸ்பார் ஆகியவற்றை அரைத்து, ஈரம் போகக் காய வைத்து, 1400 பாகை செல்சியசுக்குக் கிட்ட உருக்குவார்கள். (பெல்ட்ஸ்பார் மாத்தளையிலேயே வெட்டப்படுகிறது.) ஈரம் மிஞ்சினால் நச்சான ஐதரசன் புளோரைட்டு கிளம்பும், புளோரீனும் கையைவிட்டுப் போகும். அப்புறம், இந்த உருகலை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? ஆய்வுகூடத்தில் மூடிய பிளாற்றினம் மூசை. தொழிற்சாலையில் செய்வது எனக்கு அதைவிடப் பிடிக்கும்: தூள் குவியலின் நடுவில் காபன் மின்வாய்களைச் செருகி மின்சாரம் பாய்ச்சுவார்கள். நடுப்பகுதி உருகும், உருகாத வெளித்தூளே பாத்திரம். மெல்ல ஆறவிட்டால் பெரிய செதில்கள், அவசரப்பட்டால் பொடிப் பளிங்குகள்.

இரும்பு கலக்காததால் இப்படி உருக்கிய மைக்கா தேன் நிறமில்லாமல் தெளிவாக இருக்கும். மினுக்கு ஒப்பனைப் பொருள்களில் சேர்ப்பது அதற்காகத்தான். இதே பளிங்குகளைக் கண்ணாடிக்குள் வளர்த்தால், சாதாரணக் கடைசல் இயந்திரத்திலேயே கடையக்கூடிய மட்பொருள் கிடைக்கிறது. வெடிப்பு ஓடத் தொடங்கினாலும் அடுத்த செதிலில் முட்டித் திரும்பி, அங்கேயே நின்றுவிடும்.