மச்சான் பேரில் ஆர்சி, லண்டன் லைசென்ஸில் லடாக்: விடுமுறைக்கு வந்து பைக் வாங்குபவர்கள் கவனத்துக்கு

மோட்டார் விபத்து வழக்குக் கட்டைப் பிரித்தால் இப்போதெல்லாம் ஒரே மாதிரி மூன்று தாள்கள் கைக்கு வருகின்றன. முதலாவது ஆர்சி என்கிற வண்டிப் பதிவுச் சான்றின் ஜெராக்ஸ். அடுத்தது பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29-ம் ஃபார்ம் 30-ம். விற்றவர் கையெழுத்து மட்டும் இருக்கும், தேதி, வாங்கியவர் பெயர், முகவரி எல்லாம் காலி. மூன்றாவது, இருபது ரூபாய் பத்திரத்தில் நோட்டரி முத்திரையோடு ஒரு விற்பனைக் கடிதம். வண்டி பெரும்பாலும் புல்லட், இல்லையென்றால் ஹிமாலயன். ஓட்டியவர் டொரண்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வந்த நம்மவர். சென்னையில் மச்சான் பேரில் வாங்கி, லடாக் வரை ஓட்டி, டெல்லியில் விற்றுவிட்டு அங்கிருந்தே விமானம் ஏறுவது திட்டம். நடுவில் ஒரு விபத்து. அவர் ஊர் திரும்பிவிடுகிறார். சம்மன் தாம்பரத்தில் இருக்கும் மச்சான் வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

"நான் வண்டியில ஏறவே இல்லையே சார், பேரு மட்டும்தானே என்னோடது" என்பார் மச்சான். எம்சிஓபி என்கிற விபத்து இழப்பீட்டு மனுவில் முதல் எதிர்மனுதாரர் வண்டியின் உரிமையாளர், இரண்டாவது இன்சூரன்ஸ் கம்பெனி. அந்த முதல் இடத்தில் அச்சாகியிருப்பது மச்சான் பெயர். வழக்கில் அதற்கு மேல் அவரைப் பற்றிப் பேச அதிகம் இருக்காது.

எரிச்சலூட்டும் ஒரு நம்பிக்கையைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்: "29, 30-ல கையெழுத்து வாங்கியாச்சு, பணமும் கொடுத்தாச்சு, வண்டி என்னுது."

இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(30) உரிமையாளர் என்று சொல்வது யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரை. தவணையில் வாங்கிய வண்டிக்கும் மைனர் பெயரில் உள்ள வண்டிக்கும் விதிவிலக்கு உண்டு. உங்கள் விற்பனைக் கடிதத்துக்கு இல்லை. 29-ம் 30-ம் விண்ணப்பங்கள். ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்து, கட்டணம் கட்டி, பதிவேட்டில் பெயர் மாறினால்தான் அவற்றுக்கு உயிர். உங்கள் டேங்க் பேகில் ஜிப்லாக் கவருக்குள் இருக்கும்வரை அவை வெறும் காகிதம். நோட்டரி முத்திரை இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். விற்றவருக்கும் உங்களுக்கும் பணத் தகராறு வந்தால் அந்தக் கடிதம் உதவும். அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவரின் குடும்பம் வழக்குப் போட்டால் உதவாது.

இதைச் சந்தேகப்படுபவர்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் நவீன் குமார் எதிர் விஜய் குமார் தீர்ப்பு இருக்கிறது, 2018 பிப்ரவரி. ஒரு கார் கைமாறிக் கைமாறிப் போயிருந்தது. ஆனால் பதிவேட்டில் முதல் ஆளின் பெயரே நின்றது. 2009-ல் விபத்து. எப்போதோ விற்றுவிட்டேன் என்ற அவரது வாதம் எடுபடவில்லை. இழப்பீட்டுப் பொறுப்பு பதிவு பெற்ற உரிமையாளர் தலையில்தான் என்று நீதிமன்றம் முடித்தது. பாதிக்கப்பட்டவரின் குடும்பம் வண்டி யார் யார் கையில் போனது என்று தேடிக்கொண்டு அலைய முடியாது என்பது அதற்குச் சொன்ன காரணம். நியாயமான காரணம்.

"இன்சூரன்ஸ் இருக்கே, அவங்க கட்டிடுவாங்க" என்பது அடுத்தது. ஓட்டியவரிடம் செல்லுபடியான லைசென்ஸ் இருந்தால், சரி. இல்லாவிட்டால் தீர்ப்பாயங்கள் பொதுவாகப் போடும் உத்தரவு, கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்பது. சாலை விபத்து மரணத்துக்கான இழப்பீடு இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்களைப் பொறுத்துப் பல லட்சம் போகும். அதை வசூலிக்கக் கம்பெனி தனி வழக்குக்கூடப் போட வேண்டாம். அதே தீர்ப்பை வைத்து நிறைவேற்று மனு போட்டால் போதும். மச்சான் வீடு ஜப்திக்குப் போகும் பாதை இதுதான்.

ஓட்டியவருக்கே அடிபட்டால்? இருசக்கர வண்டிப் பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளரே ஓட்டும்போது மட்டும்தான். பதிவு பெற்ற உரிமையாளராகவும் இருக்க வேண்டும், லைசென்ஸும் வேண்டும். மச்சான் பெயரில் உள்ள வண்டியை நீங்கள் ஓட்டி, எதிரே யாரும் இல்லாமல் நீங்களாகப் போய் மோதினால் அந்த 15 லட்சம் உங்களுக்கு இல்லை. மூன்றாம் நபர் என்றும் கேட்க முடியாது. இரவல் வண்டி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்று 2009-ல் நிங்கம்மா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் ஊரில் எடுத்த டிராவல் இன்சூரன்ஸைப் பிரித்துப் பாருங்கள்: இவ்வளவு சிசிக்கு மேல் கிடையாது, உரிய லைசென்ஸ் இல்லாமல் கிடையாது, இவ்வளவு உயரத்துக்கு மேல் கிடையாது என்று பொடி எழுத்தில் இருக்கும். லடாக் போகிற ஆளுக்கு அந்த மூன்று வரியும் முக்கியம்.

லைசென்ஸுக்கு வருவோம். வெளிநாட்டு லைசென்ஸோடு இந்தியாவில் ஓட்ட, அந்த லைசென்ஸும் வேண்டும், அதே நாட்டில் வாங்கிய ஐடிபி என்கிற சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். பிரிட்டன்காரர்கள் 1949 மாதிரியைக் கேட்டு வாங்க வேண்டும்; பேபாயிண்ட் கடைகளில் 5.50 பவுண்டு. இங்கே வந்திறங்கிய பிறகு லண்டன் லைசென்ஸுக்கு சென்னை ஆர்டிஓவில் ஐடிபி எடுக்க முடியாது. ஆன்லைனில் விற்கும் பளபள பிளாஸ்டிக் 'இண்டர்நேஷனல் லைசென்ஸ்' அட்டை ஐடிபி அல்ல. தயவுசெய்து அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

ஐடிபி கையில் இருந்தாலும் உள்ளே ஏ என்ற கட்டத்தில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் மோட்டார் சைக்கிள். ஒண்டாரியோவின் ஜி லைசென்ஸ் காருக்கு. பைக்குக்கு எம் வகுப்பு. பிரான்ஸில் பி லைசென்ஸ்காரர் 7 மணி நேரப் பயிற்சி எடுத்து 125 சிசி ஓட்டலாம் என்பது பிரான்ஸ் எல்லையோடு முடிந்துவிடும் சலுகை. மலேசியாவின் பி2 250 சிசி வரைதான். கிளாசிக் 350-ன் இன்ஜின் 349 சிசி, ஹிமாலயன் 450-க்கு 452. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஐடிபியோடு நிற்க மாட்டார், மூல லைசென்ஸையும் எடுத்துப் படிப்பார். "ஊர்ல சின்ன வயசுலேர்ந்து ஓட்டுறேன்" என்பதைச் சாட்சிக் கூண்டில் சொல்லி ஒரு பயனும் இல்லை.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம், பிரிவு 181. லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்குப் பிரிவு 180-ன் கீழ் இன்னொரு 5,000. இரண்டிலும் மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. மச்சான்களே, சாவியைக் கொடுக்கும் முன் லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது உறவுக்கு இழுக்கல்ல. நீண்ட நாள் தங்குபவர்கள் இந்திய லைசென்ஸே எடுத்துவிடலாம். எல்எல்ஆர் என்கிற பழகுநர் லைசென்ஸ் போட்டு 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட் என்பதால் இரண்டு வார விடுமுறைக்கு அது ஒத்துவராது.

சரி, எப்படித்தான் வாங்குவது? ஓரிரு மாதப் பயணம் என்றால் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். சட்டப்படி வாடகைக்கு விடும் வண்டியின் நம்பர் பிளேட் கறுப்பு, எழுத்து மஞ்சள். வெள்ளைப் பிளேட் வண்டியை வாடகைக்குக் கொடுப்பவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் எடுக்காதீர்கள். சொந்த உபயோகப் பாலிசியில் ஓடும் வாடகை வண்டி அது, விபத்து நடந்தால் கம்பெனி முதலில் கையை விரிப்பது அதில்தான்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு எந்த முகவரிச் சான்றை ஏற்பார்கள் என்பது நடைமுறையில் ஆர்டிஓவுக்கு ஆர்டிஓ மாறுகிறது. முன்பணம் கொடுக்கும் முன் அந்த அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேளுங்கள், ஷோரூம் ஆள் சொல்வதையோ புரோக்கர் சொல்வதையோ வைத்துப் பணம் கட்டாதீர்கள். ஆதார் இல்லாதவருக்கு ஆன்லைன் வழி பெரும்பாலும் ஒத்துழைக்காது. பெயர் மாற்றத்துக்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள், பயணத் தேதியை அதற்குப் பிறகு வையுங்கள். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள்: மணாலியில் அறை போட்டுவிட்டு வண்டி தேடுகிறார்கள்.

பழைய வண்டியென்றால் முதலில் அரசின் எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஹெச்பி என்கிற வண்டிக் கடன் பதிவு மூன்றையும் பாருங்கள். ஹெச்பி இருந்தால், விற்பவர் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்ஓசி என்கிற தடையில்லாச் சான்றோடு ஃபார்ம் 35 கொடுத்து அதை நீக்கிய பிறகுதான் பேச்சு. இ-சலான் தளத்தில் நிலுவை அபராதம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெயர் மாற்றம் அங்கேயே நிற்கும். பிறகு வண்டியிடம் போங்கள். என்ஃபீல்டு வண்டிகளில் சேசிஸ் நம்பர் ஹெட்லைட்டுக்குப் பின்னால், ஸ்டீரிங் ஹெட் குழாயின் பக்கவாட்டில் குத்தியிருக்கும். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எழுத்துகள் ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில் விழ வேண்டும். ஒன்றிரண்டு எண் மட்டும் ஆழமாக இருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் புதிதாக இருந்தாலோ, சுற்றிலும் அரம் போட்ட கோடு தெரிந்தாலோ விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். பழைய புல்லட்டில் பிரேம் மாற்றுவது புதிய விஷயமில்லை. ஆர்சி 15 வருடத்துக்குத்தான், அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். 'விண்டேஜ்' என்று சொல்லி விற்பதில் பாதி, ஆர்சி காலாவதியானவை.

பழைய வண்டி டீலரிடம் வாங்கினால் ஃபார்ம் 29பி என்கிற டீலர் அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் பதிவு பெற்ற டீலர், வண்டி தன்னிடம் வந்ததை ஃபார்ம் 29சி வழியாக ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த ஒப்புகை வந்த நேரத்திலிருந்து அவர்தான் சட்டப்படி உரிமையாளர். கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரை விட்டுவிடுங்கள்.

பெயர் மாறியதும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மூன்றாம் நபர் பாதுகாப்பு பிரிவு 157-ன்படி வண்டியோடு தானாக வந்துவிடும். திருட்டு, சேதத்துக்கான பகுதி வராது. லே ஹோட்டல் வாசலில் வண்டி காணாமல் போனால் பாலிசி பழையவர் பெயரில், வண்டி உங்கள் பெயரில் என்று இரண்டு பேருக்கும் பைசா கிடைக்காது. நேபாளம் போவதென்றால் பாலிசியில் ஐஎம்டி 1 என்ற எல்லை நீட்டிப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது இந்தியாவோடு முடிகிறது.

பயணத்தில் ஆர்சி அசலைக் கையில் வைத்திருங்கள், ஆதார் இல்லாதவருக்கு டிஜிலாக்கர் கைகொடுக்காது. நுப்ரா, பாங்காங் பக்கம் போக வெளிநாட்டவருக்குத் தனி அனுமதி வேண்டும். இந்தியர்களுக்கானதை வாங்கிக்கொண்டு போக முடியாது. ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களும் இதில் வெளிநாட்டவர்தான். எவ்வளவு சொன்னாலும் இது மட்டும் யார் காதிலும் ஏறுவதில்லை. லேயில் உள்ளூர் வாடகை பைக்காரர்கள் வெளியூர் வாடகை வண்டிகளை மேலே விடுவதில்லை. ஆர்சியில் வேறு பெயர் இருந்தால் உங்கள் வண்டியையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். மச்சான் கடிதத்தைக் காட்டி மலை வழியில் வாதாட வேண்டியிருக்கும். சாட்டிலைட் போனையோ கார்மின் இன்ரீச் மாதிரி கருவியையோ கொண்டு வராதீர்கள். முன் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இங்கே குற்றம், விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு.

கடைசியாக, டெல்லியில் விற்பது. தமிழ்நாட்டு நம்பர் வண்டியை டெல்லிக்காரர் தன் பெயருக்கு மாற்ற, நீங்கள் பதிவு செய்த ஆர்டிஓவிலிருந்து ஃபார்ம் 28-ல் என்ஓசி வேண்டும். அவர் அங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். அதனால்தான் விலையை அடிமாட்டுக்குக் கேட்கிறார்கள், அதனால்தான் "29, 30-ல கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க, மத்தத நாங்க பாத்துக்குறோம்" என்கிறார்கள். அங்கே கையெழுத்துப் போட்டால், முதல் பத்தியில் சொன்ன மச்சானின் இடத்தில் இப்போது நீங்கள். வண்டியைத் தமிழ்நாட்டுக்கு ரயில் பார்சலில் அனுப்பிப் பதிவு செய்த ஊரிலேயே விற்பது பல நேரம் லாபம். டெல்லியில்தான் விற்பேன் என்றால் என்ஓசியை முன்னதாகவே எடுத்து வையுங்கள், வாங்குபவரின் அடையாள அட்டை நகலை வாங்குங்கள், பெயர் மாற்ற விண்ணப்ப எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பதிவேட்டில் இருக்கும் உங்கள் இந்திய மொபைல் எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். பெயர் மாறும்வரை அந்த சிம்மைத் தூக்கிப் போடாதீர்கள், வெளிநாட்டிலிருந்தும் ரீசார்ஜ் செய்யலாம். வாரம் ஒருமுறை எம்பரிவாகனில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதம் கழித்தும் உங்கள் பெயரே இருந்தால், விற்ற தேதியைக் குறிப்பிட்டு, அந்த அடையாள நகலை இணைத்து, பதிவு செய்த ஆர்டிஓவுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள்.