போட்ட எரு எங்கே போகிறது?

ஐப்பசியில் கொட்டிய எரு சித்திரையில் இருந்த இடம் தெரியவில்லை என்று சென்னையில் தோட்டம் போடுகிறவர்கள் புலம்புவது வழக்கம். மழை கொஞ்சம் அரித்திருக்கலாம். பெரும்பங்கைத் தின்று தீர்த்தவை மண்ணுக்குள் வாழும் பாக்டீரியாவும் பூஞ்சையும்தான். சூடு 10 டிகிரி கூடினால் அவை மட்கவைக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எருவின் கார்பன் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகிக் காற்றில் கலந்துவிடும். குளிர்நாட்டுக் கையேட்டில் வருடத்துக்கு ஒருமுறை எரு போதும் என்றிருக்கும். அதை எழுதியவர் நம் கத்திரி வெயிலைப் பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் அந்தத் தீனிக்குப் பலன் உண்டு. தின்னும்போது நுண்ணுயிர்கள் ஒருவிதப் பசையைச் சுரக்கின்றன. அதுவும் பூஞ்சை இழைகளும் சேர்ந்து மண் துகள்களைச் சிறு மணிகளாகக் கட்டுகின்றன. நல்ல மண் புட்டு மாவு பதத்தில் இருக்கும்: பிடித்தால் பிடிபடும், தட்டினால் உதிரும். மணிகளுக்கு நடுவே காற்று, மணிகளுக்குள்ளே தண்ணீர். வேருக்கு இரண்டும் வேண்டும்.

திருவான்மியூர் மணலில் ஊற்றிய தண்ணீர் சத்தையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிடும். அண்ணா நகர்ப் பக்கத்துக் களிமண்ணில் துகள் ஒவ்வொன்றும் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. மழையில் சேறு, கோடையில் வெடிப்பு. களிக்கு ஒரு கூடை மணல் கலந்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது, கொஞ்சம் மணலைக் களி விழுங்கிவிடும். இரண்டு மண்ணுக்கும் மருந்து எருதான், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி.

சருகை மட்காமல் புதைத்தால் செடி மஞ்சளாகும். நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 25 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் தேவை. காய்ந்த சருகில் நைட்ரஜன் அதைவிடக் குறைவு என்பதால், பற்றாக்குறையை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதே சருகை மேலே மூடாக்காகப் பரப்பினால் இந்தத் தொல்லை பெரிதாக வராது. மண்ணின் சூடும் தணியும்.

அப்புறம், உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீர். உப்புத் தண்ணீரிலுள்ள சோடியம் களித் துகள்களைப் பிரித்துவிடும், கட்டிய மணிகள் கரைந்து மேலே ஓடு கட்டும். இதற்கு மருந்து ஜிப்சம் என்ற தாதுப்பொடி; அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விலக்கும். விலகியதை அடித்துப்போக நல்ல தண்ணீர் வேண்டும். சென்னை மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதால், புரட்டாசியிலேயே ஜிப்சம் போட்டுவிடலாம். கடலோர மணலுக்கு அந்தச் செலவே வேண்டாம்; மழையே உப்பைக் கழுவிவிடும்.