பிள்ளைக்கு ஏற்ற பாடம்: கல்வி உரிமைச் சட்டத்தில் பலர் கவனிக்காத பகுதி

மூன்றாம் வகுப்பில் இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால், இருபது பேருக்கும் மூன்றாம் வகுப்புப் பாடம் வாசிக்க வரும் என்று நினைக்க வேண்டாம். ஒருத்தி கதைப் புத்தகத்தை எழுத்து விடாமல் படிப்பாள். பக்கத்தில் இருக்கும் பையன் 'ண'வுக்கும் 'ன'வுக்கும் இடையே தடுமாறிக்கொண்டிருப்பான். இன்னொரு பிள்ளை வீட்டில் பேசுவது ஒடியா. அதற்கு ஆசிரியர் சொல்வதில் பாதி புரியாது. "உங்க பிள்ளைக்குப் படிப்பு ஏறலை" என்று பள்ளியில் சொன்னதும் பெற்றோர் தலையைக் குனிந்துகொண்டு வீடு திரும்புகிறார்கள். அதற்கு அவசியமில்லை. "ஏறுவதற்கு என்ன செய்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் என்றதும் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடஒதுக்கீடுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. நேரத்துக்கு வருவது, பாடத்திட்டத்தை முடிப்பது ஆகியவற்றோடு, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படும் பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. அதாவது 6 முதல் 14 வயதுவரை, எட்டாம் வகுப்பு முடிய, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து சொல்லித்தருவது ஆசிரியரின் கடமை. அதைக் கேட்டால் சலுகை கேட்பதாக ஆகாது. இதைக் காரணம் காட்டி டியூஷனுக்கு வரச்சொல்லவும் கூடாது. பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுப்பதை 28ஆம் பிரிவு தடுக்கிறது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இது கண்ணுக்குத் தெரியும் இடம் 'எண்ணும் எழுத்தும்' திட்டம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் விழுந்த இடைவெளியைச் சரிக்கட்ட, 2022 ஜூனில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கியது. அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் வந்தது. பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அந்தந்த நிலைக்கேற்ற பயிற்சி தருகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தால் அதற்கு முதல் வகுப்பு நிலையிலிருந்து பயிற்சி. முன்னேறினால் அடுத்த நிலை. 'மக்கு பெஞ்ச்' என்று உட்கார வைத்த காலத்தை நினைத்தால், இந்தப் பெயர்களை வைத்தவரைப் பாராட்டத்தான் தோன்றுகிறது. ஆனால் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் மூன்று நிலைகளையும் ஒரே நேரத்தில் நடத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. பிள்ளைகளின் மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்றும் வேலை வேறு கூடுதல் சுமை என்று ஆசிரியர் சங்கங்கள் குறைகூறியதுண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. பெற்றோர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "என் பிள்ளை இப்போது எந்த நிலையில் இருக்கிறது, போன பருவத்தில் எங்கே இருந்தது?"

சரி, மொழி? பாடம் இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியில் இருக்க வேண்டும் என்கிறது 29ஆம் பிரிவு. சட்டத்தில் 'இயன்றவரை' வந்தால் கொஞ்சம் உஷாராகிவிட வேண்டும். பொறுப்பு நழுவுவது அந்தச் சொல்லில்தான். ஆனாலும் செய்ய முடியாத காரியம் இல்லை. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் வேலை செய்யும் ஒடிசா தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒடியா தெரிந்தவர்களை வைத்து, ஒடியா பாடநூல்களைக் கொண்டே வகுப்பு நடத்தியிருக்கிறார்கள்.

புலம்பெயர்ந்து வரும் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று 9ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது. வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை, பள்ளி திறந்து பல மாதமாகிவிட்டது என்ற காரணங்களைச் சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. பள்ளிக்கே போகாத பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் போடாமல் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, மற்றவர்களுக்கு ஈடுகொடுக்கும்படி சிறப்புப் பயிற்சி தர வேண்டும். அப்படிச் சேர்ந்தவருக்கு 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை கல்வி இலவசம்.

அப்புறம், எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் எழுத்துகள் மாறி மாறித் தெரியும் பிள்ளைகள். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அதைச் சீக்கிரமே கண்டுபிடித்து, அதற்கேற்ற கற்பிக்கும் முறையைக் கையாள வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. அரசு நிதி பெறும் பள்ளிகளோடு, அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். சோம்பேறி என்று திட்டுவதற்கு முன், அந்த வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை அலுவலகமான வட்டார வள மையத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். மருத்துவ முகாம்களும் நடக்கும். மருத்துவச் சான்று இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம். தேர்வு நெருங்கியபின் ஓடினால் நடக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள்.

ஒரு விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே படிக்கும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருந்தால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

குறை இருந்தால் முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்பலாம். அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், ஆகவே தயங்க வேண்டியதில்லை. பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் கேட்கலாம். அடுத்த படி, கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்துமூலம் புகார். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். புகாரின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் என்பதை அந்தத் தேதியை வைத்துத்தான் கணக்கிட்டுக் கேட்க முடியும்.