கட்டிலுக்கடியில் கிடக்கும் ஓவியங்களும் கைநழுவும் உதவித்தொகையும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த சில நாட்களில், வியாசர்பாடியிலிருந்து ஒரு கலைக் கல்லூரி மாணவி என் அச்சுக்கூடத்துக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே அவள் மரப்பலகையில் செதுக்கித் தாளில் எடுத்த அச்சுப் படங்கள், இரண்டு ஆண்டு உழைப்பு. வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றிருக்கிறது. அச்சுகள் கட்டிலுக்கடியில் இருந்திருக்கின்றன. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. மேல் தாளை மெல்லப் பிரித்துப் பார்த்தேன். காசிமேட்டில் வலை பின்னும் ஒரு பாட்டியின் விரல்கள் மட்டும் தனியாகக் கிழிந்து வந்தன.

"போட்டோ எடுத்து வைத்திருக்கிறாயா?"

"இல்லை அக்கா. வரிசை முழுவதும் முடிந்ததும் சேர்த்து எடுக்கலாம் என்றிருந்தேன்."

அந்த மாதக் கடைசிக்குள் அவள் ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். அனுப்புவதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை.

வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் 16 ஆண்டுகளாக அச்சுக்கலைஞராக வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்ப் பிள்ளைகள் விண்ணப்பங்களை எடுத்துக்கொண்டு வருவார்கள். மூர் மார்க்கெட் ரயிலில் இறங்கி, 1850-இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு கவின்கலைக் கல்லூரிக்கு நடந்தே போகிற பிள்ளைகள் அவர்களில் பலர். கைத்திறமை போதாமல் உதவித்தொகையைத் தவறவிட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. படம் இல்லை, அளவு தெரியவில்லை, வருமானச் சான்று பழையது, வங்கிக் கணக்கில் ஆதார் இணையவில்லை. வாய்ப்பு நழுவுவது பெரும்பாலும் இப்படித்தான். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

முதலில் படமெடுப்பதைச் சொல்லிவிடுகிறேன். இதற்குப் பெரிய கேமரா வேண்டியதில்லை, கைப்பேசி போதும். வெயில் ஏறுவதற்கு முன், காலை எட்டு மணி வாக்கில், மொட்டை மாடியில் நிழல் விழும் சுவரில் ஓவியத்தைச் சாய்த்து வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், எண்ணெய் வண்ணத்தில் வெள்ளைத் திட்டு விழும். கைப்பேசி ஓவியத்தின் நடுவுக்கு நேராக இருக்கட்டும். அண்ணாந்து எடுத்தால் சதுரம் சரிவகமாகிவிடும். மிக அருகில் போனால் ஓரங்கள் வளையும். இரண்டடி தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு படம் முழுதாக, இன்னொன்று தூரிகைத் தடமோ உளி வெட்டோ தெரியும்படி நெருக்கமாக. சிற்பமென்றால் நான்கு பக்கமும். அன்றைக்கே தலைப்பு, ஊடகம், சென்டிமீட்டரில் உயரம், அகலம், ஆண்டு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். படங்களை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். கைப்பேசி தண்ணீரில் விழுந்தாலும் படைப்பு மிஞ்சும்.

வியாசர்பாடி மாணவி அந்தப் பாட்டியை மறுபடியும் செதுக்கினாள். இப்போது ஒவ்வொரு அச்சு உலர்ந்ததும் ஓரத்தில் அளவுகோல் வைத்த படம் எனக்கு வந்துவிடுகிறது.

இனி பணம். மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை தருகிறது. ஆண்டுக்கு 400 பேர் வரை தேர்வாகலாம். பாட்டு, நடனத்துக்கு மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். ஓவியம், சிற்பம், அச்சுக்கலை போன்ற காண்கலைகளுக்கும் இடமுண்டு. குருவிடமோ நிறுவனத்திலோ குறைந்தது ஐந்து ஆண்டுப் பயிற்சி கேட்பார்கள். ஆகவே பள்ளி நாளில் மாலை வகுப்பில் கற்றிருந்தால் அந்த ஆசிரியரிடம் இன்றே கடிதம் வாங்கி வையுங்கள். தேசியக் கலை அமைப்பான லலித் கலா அகாடமியும் இளம் கலைஞர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. அதன் மண்டல மையம் நம் சென்னையிலேயே, கிரீம்ஸ் சாலையில் இருக்கிறது. கண்காட்சி பார்க்கப் போகும்போது அறிவிப்புப் பலகையையும் பாருங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், 2024 முதல் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கலைப் பட்டப்படிப்பு இதில் சேராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பையன் ஓராண்டு சும்மா இருந்துவிட்டான். பட்டப்படிப்பு என்றால் கவின்கலையும் பட்டப்படிப்புதான். ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் குடும்பங்களுக்கான கல்வி உதவித்தொகை தனி. இவற்றில் எதெதைச் சேர்த்து வாங்கலாம் என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பணமெல்லாம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. பல நேரங்களில் அது நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்குக்கு வராது. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதற்குப் போகும். பள்ளியில் தொடங்கி மறந்துபோன கணக்கில் பணம் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். வங்கிக்குப் போய், பணம் பெறுவதற்கான ஆதார் இணைப்பு இருக்கிறதா என்று தெளிவாகக் கேளுங்கள்.

உள்ளகப் பயிற்சி (இன்டர்ன்ஷிப்) பற்றிக் கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன். கல்லூரி நாட்களில் ஒரு விளம்பர நிறுவனத்தில் மூன்று மாதம் பயிற்சி எடுத்தேன். நான் வரைந்த உருவங்கள் ஒரு நாட்காட்டியில் அச்சாகி வந்தன. பெயருமில்லை, பணமுமில்லை, அவற்றை என் படைப்புத் தொகுப்பில் காட்ட அனுமதியுமில்லை. எழுத்தில் எதையும் வாங்கியிருக்கவில்லை, அதனால் கேட்கவும் வழியில்லை. நீங்கள் சேரும் முன்பே ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். எத்தனை வாரம், எத்தனை மணி நேரம், ஊக்கத்தொகை எவ்வளவு, என் பெயர் வருமா, என் தொகுப்பில் வைக்கலாமா என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். பயிற்சி தர உங்களிடமே கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நல்ல இடங்களும் உண்டு. முட்டுக்காட்டில் தென்னிந்தியக் கலை, கைவினை அருங்காட்சியகமான தட்சிணசித்ரா மாணவர்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறது. திருவான்மியூரில் கையால் அச்சிட்ட நூல்களுக்குப் பெயர்பெற்ற தாரா புக்ஸ் பதிப்பகம் இருக்கிறது. ஆனால் திருவொற்றியூரிலிருந்து முட்டுக்காடு 40 கிலோமீட்டருக்கும் மேல். போக்குவரத்துச் செலவைக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. தினமும் வர முடியாவிட்டால் வாரம் மூன்று நாள் வருகிறேன் என்று முதல் கடிதத்திலேயே எழுதுங்கள்.

போன மாதம் கொசப்பேட்டைப் பையன் ஒருவன் தன் விவரக் குறிப்பைக் கொண்டுவந்தான். அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தான். பத்து வயதிலிருந்து தாத்தாவோடு உட்கார்ந்து கொலு பொம்மைக்கு அச்சு எடுக்கிறவன், விநாயகர் சதுர்த்திக்கு முன் இரவெல்லாம் களிமண் பிசைகிறவன். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, எந்த மண், எப்படிப்பட்ட அச்சு, ஒரு பருவத்தில் எத்தனை பொம்மை என்று எழுதச் சொன்னேன். அரைப் பக்கம் வந்தது. அவன் விண்ணப்பம் அந்த அரைப் பக்கத்தோடு போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறவர்கள் ஓவியங்களோடு வங்கிப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள்.