கப்பல் கேட்பது வாரக் கணக்கு: கர்ப்பிணிகளுக்கான 24 வார விதி

"ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது" என்று நம் வீடுகளில் சொன்னால் போதும், கேட்பவர்களுக்குப் புரிந்துவிடும். சொகுசுக் கப்பலின் பதிவு மேசையில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே வாரத்தைத்தான் கேட்பார்கள். அதிலும் கப்பல் திரும்பி வந்து கரை சேரும் நாளில் எத்தனையாவது வாரம் என்று கேட்பார்கள். இந்த ஒன்றைக் கவனிக்காமல் டிக்கெட் எடுத்துவிட்டு, பெட்டியோடு துறைமுகம் வரை போய்த் திரும்பி வந்தால், நட்டம் முழுவதும் பயணியின் தலையில்தான் விழும்.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டிலியா நிறுவனத்தின் சொகுசுக் கப்பல் புறப்படத் தொடங்கியபின், கப்பல் சுற்றுலா நம்மவர்களுக்கு எட்டாத கனவாக இல்லை. விமானத்தில் சிங்கப்பூர் போய், மரினா பே முனையத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு இரவுகள் சுற்றிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். குழந்தை பிறந்துவிட்டால் இப்படியெல்லாம் போக முடியாது என்று கர்ப்ப காலத்திலேயே கிளம்ப நினைக்கும் தம்பதிகளும் அவர்களில் உண்டு. நினைப்பதில் தவறில்லை. ஆனால் விதியைத் தெரிந்துகொண்டு தேதியைக் குறிக்க வேண்டும்.

பயணம் தொடங்கும் நாளிலோ, பயணத்தின் இடையில் எந்த நாளிலோ 24-ஆவது வாரத்துக்குள் நுழையும் கர்ப்பிணியை ஏற்றிக்கொள்ள மாட்டோம் என்பதுதான் விதி. ராயல் கரீபியன், டிஸ்னி, கார்னிவல் போன்ற பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் சொற்கள் சற்று மாறினாலும் சாரம் இதுதான். இது எந்த அரசும் போட்ட சட்டம் இல்லை. டிக்கெட்டோடு சேர்ந்து வரும், யாரும் படிக்காத அந்த நீண்ட ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனை. பணம் கட்டியதும் அதற்கு ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது.

இனி கணக்கு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "24-ஆவது வாரம்" என்பதும் "24 வாரம்" என்பதும் ஒன்றல்ல. 23 வாரம் முடிந்த மறுகணமே 24-ஆவது வாரம் தொடங்கிவிடுகிறது. ஆக, உண்மையான எல்லை 23 வாரம்தான். அடுத்த குழப்பம், எங்கிருந்து எண்ணுவது என்பது. நாள் தள்ளிப்போனதிலிருந்து எண்ணுவது வீட்டு வழக்கம். மருத்துவக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. நாள் தள்ளிப்போனது தெரியவரும்போதே அந்தக் கணக்கில் நான்கு வாரம் ஓடியிருக்கும்.

கடைசி மாதவிலக்கு 2026 ஜனவரி 1 அன்று தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். பிரசவத்துக்கு எதிர்பார்க்கும் தேதி அக்டோபர் 8. 23 வாரம் நிறைவது ஜூன் 11. ஜூன் 8 திங்களன்று புறப்பட்டு 12 வெள்ளியன்று திரும்பும் நான்கு இரவுப் பயணத்துக்கு அந்தப் பெண் டிக்கெட் எடுக்கிறார். ஏறும் நாளில் அவருக்கு 22 வாரமும் 4 நாளும்தான். ஆனால் இறங்கும் நாளில் 23 வாரமும் 1 நாளும். ஏற்ற மாட்டார்கள். அதே பெண் ஜூன் 5 அன்று புறப்பட்டு 8 அன்று திரும்பும் பயணத்தில் தாராளமாகப் போகலாம். மாதக் கணக்கில் அவருக்கு அப்போது ஆறாம் மாதம் பாதிகூட ஆகியிருக்காது. நாள் தள்ளிப்போனதிலிருந்து எண்ணும் மாமியாருக்கோ ஐந்தே நடந்துகொண்டிருக்கும்!

விரல்விட்டு எண்ணச் சலிப்பாக இருந்தால் குறுக்கு வழி ஒன்று உண்டு. பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து 17 வாரம் பின்னோக்கிப் போங்கள். அந்தத் தேதிக்கு முன்பே கப்பல் கரை திரும்பியிருக்க வேண்டும். தாய் சேய் நல அட்டையில் மாதவிலக்குத் தேதி, பிரசவ தேதி இரண்டுமே எழுதப்பட்டிருக்கும். தொடக்க மாதங்களில் எடுத்த ஸ்கேனைப் பார்த்து மருத்துவர் பிரசவ தேதியை மாற்றியிருந்தால், மாற்றிய தேதியை வைத்தே எண்ண வேண்டும். எல்லைக்கு ஒட்டி டிக்கெட் எடுக்காமல் ஒரு வாரமாவது இடைவெளி விடுவது நல்லது.

விமானங்கள் இவ்வளவு கெடுபிடி செய்வதில்லையே என்று கேட்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சிக்கலற்ற, ஒற்றைக் குழந்தைக் கர்ப்பமாக இருந்தால் மருத்துவச் சான்றோடு 36 வாரம் வரை அனுமதிக்கிறது. விமானம் சில மணி நேரத்தில் தரையிறங்கிவிடும், ஏதாவது ஒரு நகரத்தின் மருத்துவமனை பக்கத்தில் இருக்கும். கப்பலோ நடுக்கடலில் நிற்கும். ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போவதெல்லாம் கரையிலிருந்து உள்ள தூரத்தையும் வானிலையையும் பொறுத்தது. கப்பலின் மருத்துவ அறையில் மருத்துவர், செவிலியர், எக்ஸ்ரே, இ.சி.ஜி. என அவசரச் சிகிச்சைக்கு வேண்டியவை இருக்கும். மகப்பேறு மருத்துவரும், குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும், ரத்த வங்கியும் அங்கே இருப்பதாக எண்ணிக்கொண்டு ஏறக் கூடாது.

24 என்ற எண்ணும் இதிலிருந்துதான் வருகிறது. சுமார் 24 வாரத்தில் பிறக்கும் குழந்தை, நல்ல தீவிர சிகிச்சை கிடைத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. அது கிடைக்காத இடத்தில் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும். அந்தப் பொறுப்பைக் கப்பல் நிறுவனம் ஏற்கத் தயாராக இல்லை. கருணையும் வழக்குப் பயமும் கலந்த முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது. எப்படியிருந்தாலும் முடிவு சரியானதுதான்.

கப்பலில் மருத்துவர் இருப்பதற்குப் பின்னணியில் சட்டம் உண்டு. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, 100 பேரோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு மூன்று நாளுக்கு மேல் பன்னாட்டுப் பயணம் போகும் கப்பலில் தகுதிபெற்ற மருத்துவர் இருந்தாக வேண்டும். இந்தியா 2015-இல் இதை ஏற்றது. இது கப்பல் ஊழியர்களுக்காக எழுதப்பட்டது, பயன் பயணிகளுக்கும் கிடைக்கிறது. கப்பல் நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமும் 2013-இல் பயணிகள் உரிமைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கரையில் சிகிச்சை கிடைக்கும்வரை கப்பலிலேயே அவசர மருத்துவ உதவி பெறுவது அதில் ஓர் உரிமை. ஆனால் இலவசம் என்று யாரும் சொல்லவில்லை. மருத்துவ அறைக்குள் போனால் கட்டணம் உங்கள் அறைக் கணக்கில் ஏறும்.

கர்ப்பிணி என்பதற்காக மறுப்பது பாகுபாடு இல்லையா? பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. அந்தச் சேவையால் கர்ப்பிணியின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து நேரும் என்று நியாயமாக நம்பினால் மறுக்கலாம். ஆனால் அதே காரணத்துக்காக வேறு உடல்நிலை உள்ளவர்களையும் மறுக்கும் நிறுவனமாக இருக்க வேண்டும்.

எல்லைக்குள் இருப்பவர்களும் வெறுங்கையோடு போக முடியாது. மருத்துவரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும். பயணம் தொடங்கும் நாளில் எத்தனை வாரம், பிரசவத்துக்கு எதிர்பார்க்கும் தேதி எது, தாயும் சேயும் நலமா, சிக்கலான கர்ப்பம் இல்லையா, பயணத்துக்குத் தகுதியா என்ற எல்லாமே அதில் இருக்க வேண்டும். மருத்துவரின் பதிவு எண், கையெழுத்து, தேதியும் அவசியம். "பயணம் செய்யலாம்" என்று மருந்துச் சீட்டில் ஒரு வரி கிறுக்கி வாங்கி வந்தால், வாரம் எங்கே என்று கேட்பார்கள். நிறுவனத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பி, பதிலையும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மசக்கை தீராதவர்கள் கடல் குமட்டலுக்கு எந்த மாத்திரை போடலாம் என்பதை அதே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. கப்பலில் உள்ள நீர்ச்சறுக்கு போன்ற விளையாட்டுகளில் எப்படியும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

பணத்தைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். விதியை மீறியதாகத் துறைமுகத்தில் திருப்பி அனுப்பினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். டிக்கெட் எடுத்தபின் கர்ப்பம் தெரியவந்தால் உடனே எழுதித் தெரிவியுங்கள். புறப்படும் நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். பயணக் காப்பீடு இருக்கிறதே என்று நிம்மதி அடைவதற்குள் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் மகப்பேறு செலவு அந்தப் பட்டியலில்தான் இருக்கும். உயிருக்கு ஆபத்தான சிக்கலுக்கு மட்டும் சில காப்பீடுகள் பணம் தரும்.

கர்ப்பத்தைச் சொல்லிக் கேட்டபோதும் இந்த விதியை மறைத்து உள்ளூர் முகவர் டிக்கெட் விற்றிருந்தால், சேவைக் குறைபாடு என்று வாதிட இடமுண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பார்க்கலாம்.

கடலில் பிறந்தால் வெளிநாட்டுக் குடியுரிமை கிடைக்கும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955, கப்பலில் பிறந்த குழந்தை அந்தக் கப்பல் பதிவான நாட்டில் பிறந்ததாகக் கருதும். பெரிய சொகுசுக் கப்பல்களில் பல பஹாமாஸில் பதிவானவை. அங்கே பிறந்தாலே குடியுரிமை என்ற சட்டம் இல்லை. பெற்றோர் இந்தியராக இருந்தால், ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் குழந்தையைப் பதிவு செய்ய வேண்டும். ஆக, மிஞ்சுவது அலைச்சல்தான்.

மகப்பேறு விடுப்பில் போய்வரலாம் என்ற திட்டமும் பலிக்காது. இந்தியாவில் 26 வார விடுப்பில் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். அதாவது 32 வாரத்துக்குப் பிறகு. கப்பல் கதவு 23-லேயே மூடிவிடும். ஆகவே சம்பாதித்த விடுப்பில்தான் போக வேண்டும். பிரசவத்துக்குப் பின் போகலாம் என்றால், ராயல் கரீபியன், கார்னிவல் போன்றவற்றில் கைக்குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும். பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணம் என்றால் ஒரு வயது.