எது எதோடு சேரும்? மென்பொருள் வகைகளை எழுதிவைக்கும் மொழிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காலையில் பசியாறப் போகிறவர்கள் தண்ணி கலக்குபவரிடம் பேசுவதே ஒரு மொழி. வெறும் ‘தே’ என்றால் இனிப்பான டின் பால் ஊற்றிய தேநீர். ‘தே ஓ’ என்றால் பால் இல்லை. ‘தே சி’ என்றால் இனிப்பில்லாத டின் பால். பின்னால் ‘கூராங் மானிஸ்’ ஒட்டினால் இனிப்பு குறையும், ‘கோசோங்’ ஒட்டினால் சீனி அறவே இல்லை. அப்புறம் கெட்டியாக வேண்டுமானால் ‘காவ்’, ஜில்லென்று வேண்டுமானால் ‘ஐஸ்’.

பாலில் 3, இனிப்பில் 3, சூடா ஐஸா என்று 2, காவா சாதாரணமா என்று 2. பெருக்கினால் 36. ஆனால் இனிப்பான டின் பாலிலேயே சீனி கரைந்திருக்கிறது. அதை ஊற்றி, சீனியே இல்லாமல் கொடு என்றால் யார் கொடுக்க முடியும்? அந்த 4 வகையும் கழிந்து 32 மிஞ்சுகிறது. கடைக்காரர் இந்த விதியை எங்கும் எழுதி வைக்கவில்லை, மனத்தில் வைத்திருக்கிறார். மென்பொருளில் அப்படி மனத்திலேயே வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வட்டாரத்துக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதித் தருவது என் வேலை. முதலில் ஒரு மளிகைக்கடைக்கு எழுதினேன். அதையே நகலெடுத்துக் கொஞ்சம் மாற்றி ஓர் உணவகத்துக்கு, பிறகு ஒரு மோட்டார் பட்டறைக்கு. 2018 ஜூன் 1 அன்று ஜிஎஸ்டி என்ற பொருள் சேவை வரி பூஜ்யமானது, செப்டம்பர் 1 அன்று எஸ்எஸ்டி என்ற விற்பனை, சேவை வரி வந்தது. மூன்று நகலையும் தனித்தனியாகத் திருத்தினேன். ஒன்றில் சரிசெய்த பிழை மற்ற இரண்டிலும் அப்படியே கிடந்தது.

இதற்கு மாற்று வழி, எல்லாக் கடைக்கும் ஒரே மூல நிரலை வைத்துக்கொண்டு, எந்தக் கடைக்கு எந்த அம்சங்கள் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு வடிவம் எடுப்பது. நிரல்களைக் குடும்பமாகப் பார்க்க வேண்டும் என்று கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் 1976இலேயே எழுதினார். 1990இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மென்பொருள் பொறியியல் கழகத்தில் கியோ காங்கும் உடன் பணியாற்றியவர்களும் அந்தக் குடும்பத்தை வரைய ஒரு முறை தந்தார்கள். அதன் பெயர் ஃபோடா. அம்சங்களை மரமாக வரைய வேண்டும். ஒரு கிளை கட்டாயமாக இருக்கலாம், விருப்பமாக இருக்கலாம், பலவற்றில் ஒன்றை மட்டும் எடுக்கச் சொல்லலாம். மரத்தில் அடங்காத உறவுகளை அதற்கு வெளியே எழுத வேண்டும்: இது இருந்தால் அது வேண்டும், இது இருந்தால் அது கூடாது. நம் தேநீரில், கோசோங் இருந்தால் இனிப்பான டின் பால் கூடாது.

இந்தக் கடைசி வகை விதிகளில்தான் விஷயமே இருக்கிறது என்பேன். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் 33 அம்சங்கள் ஒன்றையொன்று தடுக்காமல் இருந்தால் 858 கோடிக்கும் மேல் வடிவங்கள் வரும்; உலகில் ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் மிஞ்சும். இத்தனையையும் ஓட்டிப் பார்க்க முடியாது. அதனால் விதிகளையே சோதிக்க வேண்டியிருக்கிறது.

படம் மட்டும் போதாது, எழுத்து மொழிகளும் வேண்டும். பலரும் அறியாமலே பயன்படுத்துவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குத் தேர்வுகளை எழுதும் கேகான்ஃபிக். 2002இல் வந்தது. இன்று அதில் 10,000க்கும் மேற்பட்ட தேர்வுகள் இருக்கின்றன. பல தேர்வுகளுக்கு மூன்று நிலைகள் உண்டு: உள்ளேயே சேர், தனிக் கூறாக வை, வேண்டாம். ‘டிபெண்ட்ஸ் ஆன்’ என்று எழுதினால், சார்ந்திருக்கும் அம்சம் இருந்தால்தான் இந்தத் தேர்வே கிடைக்கும். ‘செலக்ட்’ அப்படியல்ல, இன்னொன்றை வலுக்கட்டாயமாக ஏற்றிவிடும், அதற்குத் தேவையானவை இருக்கின்றனவா என்று பார்க்காது. கவனமாகப் பயன்படுத்துங்கள் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது.

வேறு மொழிகளும் பல வந்தன. ஒரு கருவியில் எழுதியதை இன்னொரு கருவி படிக்காத நிலை இருந்தது. ஆய்வாளர்கள் கூடிப் பேசி 2021இல் யுவிஎல் என்ற பொதுமொழியை வெளியிட்டார்கள். மரத்தின் ஆழத்தை வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியே காட்டுகிறது. விதிகள் தனிப் பகுதியில் வருகின்றன.

சரி, எழுதியாயிற்று. சோதிப்பது எப்படி? மரத்தையும் விதிகளையும் தர்க்க வாய்பாடாக மாற்றலாம் என்று ஆய்வாளர் டான் பேடோரி 2005இல் காட்டினார். அப்புறம் வேலை சாட் சால்வர் என்ற நிரலுடையது. வாய்பாடு முழுவதும் உண்மையாகும்படி ஒரு தேர்வாவது உண்டா என்று அது தேடும். ஓர் அம்சத்தை ‘ஆம்’ என்று வைத்துக் கேட்டும் எந்த விடையும் கிடைக்காவிட்டால், அது செத்த அம்சம். பட்டியலில் இருக்கும், எந்தக் கடைக்கும் கிடைக்காது.

என் பில் மென்பொருளுக்கு நான் எழுதிய அம்ச மரத்திலும் அப்படி ஒன்று இருந்தது. மலேசியாவில் 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகக் கட்டும் பில்லின் மொத்தத்தை அருகிலுள்ள 5 காசுக்குச் சரிக்கட்டுகிறோம். கியூஆரில் கட்டினால் 12 வெள்ளி (ரிங்கிட்) 33 காசு அப்படியே போகும். நான் மூன்று விதிகள் எழுதியிருந்தேன். 5 காசுச் சரிக்கட்டல் எல்லா வடிவத்திலும் கட்டாயம். சரிக்கட்டல் இருந்தால் ரொக்கம் வேண்டும். ‘கியூஆர் மட்டும்’ இருந்தால் ரொக்கம் கூடாது. தனித்தனியே படித்தபோது மூன்றும் சரியாகவே தெரிந்தன. சேர்ந்தபோது ‘கியூஆர் மட்டும்’ செத்துவிட்டது: முதல் விதி சரிக்கட்டலைக் கொண்டுவருகிறது, இரண்டாவது ரொக்கத்தைக் கொண்டுவருகிறது, மூன்றாவது அதைத் தடுக்கிறது.

இரண்டாவது விதி திசைமாறி நின்றதுதான் காரணம். ரொக்கம் இருந்தால் சரிக்கட்டல் வேண்டும் என்று அதைத் திருப்பினேன். சரிக்கட்டலைக் கட்டாயத்திலிருந்து விருப்பத்துக்கு மாற்றினேன். மறுபடி சோதித்தபோது ‘கியூஆர் மட்டும்’ உயிரோடு வந்தது. ஒரு வரி நிரலைக்கூடத் தொடவில்லை, எந்தக் கடை வாசலுக்கும் போகவில்லை.